நாற்பத்தொன்றாம் வால்

பாம்ம்ம் என்று பஸ் ஹாரன் ஒன்று அலறியது.

அலறியது தெருவில் இல்லை. நாலாவது மாடியில், ஏசி போட்ட ஆபீசுக்குள், வாலுவின் கம்ப்யூட்டரில். பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியோடு அரை அடி பின்னால் உருண்டு போனார். மேலாளர் கையிலிருந்த டீ, அன்று காலைதான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்குப் போனது.

“எந்த ஊருக்கும்மா பஸ் கிளம்புது?” என்று கேட்டபடியே கைக்குட்டையைத் தேடினார் அவர்.

ஆபீசில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாலு என்றுதான். சேட்டையால் வந்த பெயர் இல்லை, பார்க்கும் வேலையால் வந்தது. அந்தக் கம்பெனி முதுகுவலிக்காரர்களுக்கான குஷன் விற்றது. கடை கிடையாது, எல்லாம் இணையத்தில்தான். குஷனைப் பற்றித் தங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள், வீடியோவில் பேசுகிறவர்கள் என்று முந்நூறு பேர் இருந்தார்கள். யோகா டீச்சர் ஒருவர், லாரி ஓட்டுகிறவர் ஒருவர், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் டிக்கெட் கவுன்ட்டர் பெண்மணி ஒருவர், இப்படி. ஆளுக்கு ஒரு லிங்க். எல்லா லிங்க்கும் ஒரே வாசலுக்குத்தான் போகும். கடைசியில் ஒட்டியிருக்கும் எண் மட்டும்தான் வேறு. அந்த எண்ணைத்தான் ஆபீசில் வால் என்பார்கள். யார் சொல்லி எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று வாலைப் பிடித்துச் சொல்லிவிடலாம். வாங்கினால், சொன்னவருக்கு ஒரு சிறு பங்கு. வால் ஒட்டுவதும், ஒட்டிய வால் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதும் அவள் வேலை.

எந்த வாலாவது வழக்கத்தைவிடப் பத்து மடங்கு ஆடினால் ஹாரன் அடிக்கும். அவளே வைத்த ஏற்பாடு அது. ஏமாற்றுக்காரர்கள் இயந்திரத்தை விட்டுக் கிளிக் செய்ய வைப்பதுண்டு. அப்படிப்பட்ட வாலை உடனே முடக்க வேண்டும் என்பது விதி. மூன்று வருஷத்தில் இரண்டு தடவைதான் ஹாரன் அடித்திருந்தது.

திரையைப் பார்த்தாள். வால் 41. வாரத்துக்கு நாலைந்து குஷன் விற்றால் அதிகம். இன்று காலை ஏழு மணியிலிருந்து பத்தரைக்குள் அறுபத்தொன்று.

அவள் பயந்துபோனாள். எண்ணிக்கையைப் பார்த்து இல்லை. நாற்பத்தொன்று யார் என்று அந்த ஆபீசிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுடைய மாமனார்.

மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருஷம் 41ஆம் நம்பர் பஸ். ஓய்வு பெற்ற மறு மாதமே பேரனின் பழைய கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் ஆரம்பித்து, உட்காரும் இடங்களைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டார். தபால் ஆபீஸ் பெஞ்சு, ஆஸ்பத்திரி இரும்பு நாற்காலி, சினிமா தியேட்டரின் கடைசி வரிசை, எதையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். பாங்கின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு இரண்டு போட்டு, ‘காத்திருக்க வைப்பவன் வாங்கிய நாற்காலி’ என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அடக்கமாக அந்தக் குஷனைப் பற்றி நாலு வரி, ஒரு லிங்க்.

அந்த லிங்க் கேட்டு அவர் விண்ணப்பித்தது மருமகளிடம் இல்லை. நேராகக் கம்பெனிக்கு. மற்ற எண்பது விண்ணப்பங்களோடு அது வரிசையில் வந்தபோது, பட்டியலில் 41 என்ற எண்ணைக் கேட்டிருந்ததைப் பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆபீஸ்காரர்களின் சொந்தக்காரர்கள் சேரலாம், ஆனால் சொந்தம் என்று படிவத்தில் சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டும். வீட்டில் மூச்சுவிடாத மனிதர் படிவத்திலா சொல்லியிருக்கப் போகிறார்? ‘இல்லை’ என்றுதான் போட்டிருப்பார். திறந்து பார்த்தால் நிராகரிக்க வேண்டி வரும். அவள் திறக்கவே இல்லை. எண்பதோடு எண்பத்தொன்றாக ஒரே அழுத்தில் அனுமதித்துவிட்டாள். அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள்.

மேலாளர் ஈரச் சட்டையோடு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் அனுப்பும் எந்தக் கடிதத்துக்கும் தலைப்பு ‘அவசரம்’ என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கும் அதுதான் பெயர். இன்று அவருக்கு உண்மையிலேயே அவசரம். நேற்று மாலைதான் ஊர் முழுக்க இருநூறு இடங்களில் கம்பெனியின் முதல் போஸ்டர் ஒட்டப்பட்டிருந்தது. போஸ்டரின் மூலையில் கியூஆர் கட்டம். போனைக் காட்டினால் குஷன் பக்கம் திறக்கும். அதற்கென்று தனி வால் 300. அந்த 300, இன்று காலையிலிருந்து பூஜ்யம். ஒரு ஆள்கூட வரவில்லை. மூன்று மணிக்கு முதலாளியம்மா வருகிறார். போஸ்டர் வரைந்த தம்பியிடம், சாமான்களைக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது என்று மேலாளர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

“போஸ்டர்ல பூஜ்யம், எவனோ ஒருத்தன் கிட்ட அறுபத்தொண்ணு” என்றார், திரையில் விரலை வைத்து. “உள்ள இருந்து யாரோ கை வைக்கிறாங்கம்மா. வாலை மாத்துற சாவி யார் கிட்ட இருக்கு?”

அவளிடம் மட்டும்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். மூன்று மணிக்குள் இந்த நாற்பத்தொன்று யார், எவர், எங்கே இருக்கிறார் என்று காகிதத்தில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழுவப் போனார்.

அவள் மாடிப்படிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். மாமனார்தான் எடுத்தார்.

“மாமா, நாற்பத்தொண்ணு நீங்கதானே?”

பின்னணியில் மிக்ஸி ஓடி நின்றது.

“ஆமாம்மா. உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.”

காலையிலிருந்து போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கிறதாம். யாராவது வாங்கினால் அவருக்குத் தகவல் வரும்படி வைத்திருந்தார். முதல் பத்து வந்தபோது சந்தோஷமாக இருந்ததாம். இருபதில் சந்தேகம். நாற்பதில் போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டாராம். எதையும் செய்யவில்லை, எதையும் தொடவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அவள் நம்பினாள். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் வளைத்துப் பழக்கமில்லாத மனிதர் அவர். ஆனால் கடைசியாக அவர் கேட்டதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. இத்தனை பேர் தன் பேச்சை நம்பி வாங்குகிறார்களே, இதை நிறுத்த வழி உண்டா என்று கேட்டார். விற்பனையை நிறுத்தச் சொல்லி இதுவரை வால் வைத்திருந்த யாரும் கேட்டதில்லை.

யோசிக்க நேரமில்லை. திரும்பி வந்து, வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று தோண்ட ஆரம்பித்தாள். ஒருவர் மாமனாரின் பக்கத்தைப் படித்துவிட்டு லிங்க்கை அழுத்தினால், ‘இந்தப் பக்கத்திலிருந்து வந்தார்’ என்று பதிவாகும். அறுபத்தொன்றில் அப்படி வந்தவர்கள் மூன்றே பேர். மிச்சம் ஐம்பத்தெட்டு பேருக்கு அந்தக் கட்டம் காலி. எங்கிருந்தும் வராமல், வானத்திலிருந்து குதித்தவர்கள் மாதிரி வந்திருந்தார்கள். அத்தனை பேரும் போனில். இயந்திரத்தின் வேலை என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் இயந்திரம் கிளிக் செய்யும், வாங்காது. இவர்கள் வாங்கியிருந்தார்கள். அதிலும் ஒருவர் முகவரியில், ‘மணி வேலை செய்யாது, கதவைத் தட்டவும்’ என்று எழுதியிருந்தார். எந்த இயந்திரமும் அதை எழுதாது.

அந்தக் கதவைத் தட்டச் சொன்னவருக்கே போன் செய்தாள். ஆர்டரை உறுதி செய்வதற்காகக் கூப்பிடுகிறோம், எங்கள் குஷனைப் பற்றி எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். எதிர்முனையில் ஒரு பெண்மணி ‘ழ்ழூ’ என்றார். சற்று முன்புதான் பல் பிடுங்கியிருக்கிறார்கள், பாதி வாய் மரத்துக் கிடந்தது. மூன்று தடவை கேட்ட பிறகு அவள் புரிந்துகொண்டது இவ்வளவு. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர். அதன் மூலையில் ஒரு கட்டம். போனைக் காட்டினார், வந்தது, வாங்கினார்.

வாலு போனை வைத்தாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கி ஓடினாள்.

போஸ்டர் தம்பி இரண்டாவது மாடியில், ஒரு அட்டைப்பெட்டிக்குள் கலர் பென்சில்களைப் போட்டுக்கொண்டிருந்தான். ஆபீசுக்கு வந்து ஏழு மாதம். வரைவதில் சூரன், மற்ற எல்லாவற்றிலும் அரைகுறை. அவளைப் பார்த்ததும், “வழியனுப்ப வந்தீங்களாக்கா?” என்றான். பெட்டியின் மேல் சுருட்டி வைத்திருந்த போஸ்டரை அவள் பிடுங்கி விரித்தாள்.

வெளிர் நீலத்தில் ஒரு காலி நாற்காலி. அதிலிருந்து யாரோ அப்போதுதான் எழுந்து போனது போல, கொஞ்சம் அழுந்திய குஷன். மேலே ஒரே வரி: ‘உட்காரும்போது தெரியாது. எழுந்திருக்கும்போது தெரியும்.’

நல்ல வரி. எங்கேயோ படித்த வரி. மூலையில் இருந்த கட்டத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள். பக்கம் திறந்தது. மேலே இருந்த முகவரியைக் கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். வாலில் 300 இல்லை. 41.

அவள் அப்படியே அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பென்சில்கள் முறிந்தன.

அவன் திருடன் இல்லை, சோம்பேறி. குஷனைப் பற்றி ஒரு நல்ல வரி தேடி எதையெதையோ படித்துக்கொண்டிருந்தவன், ‘உட்காரும் இடம்’ என்ற ஒரு டிரைவரின் பக்கத்தில் விழுந்து, மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு அதையே படித்திருக்கிறான். அங்கே கிடைத்த வரிதான் போஸ்டருக்குப் போனது. அங்கிருந்த லிங்க்கை அழுத்திக் குஷன் பக்கத்துக்கு வந்தவன், அதே முகவரியை மேலேயிருந்து அப்படியே நகல் எடுத்துக் கட்டத்துக்குள் போட்டுவிட்டான். அவள் அனுப்பி வைத்திருந்த 300 வால் லிங்க், அவனுடைய அஞ்சல் பெட்டியில் இன்னும் திறக்கப்படாமலே தூங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாம் ஒரே இடத்துக்குத்தானேக்கா போகுது” என்றான் அவன், முகம் வெளுத்து.

இருநூறு சுவர்களில் அவள் மாமனாரின் வால். போஸ்டருக்குப் பூஜ்யம் இல்லை, ஒரே காலையில் ஐம்பத்தெட்டு. அதைச் சொன்னதும் அவன் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வீட்டில் இன்னும் சொல்லலைக்கா, நல்லவேளை சொல்லலை என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவன் பிழைத்துவிட்டான். அவள் இன்னும் பிழைக்கவில்லை.

மூன்று மணிக்கு முதலாளியம்மா வந்தார். குள்ளமான, உரத்துப் பேசாத அம்மாள். காலணியைக் கழற்றி மேஜைக்கு அடியில் விட்டுவிட்டுத்தான் எந்தக் கூட்டத்தையும் ஆரம்பிப்பார். மேலாளர் வேறு சட்டையில் இருந்தார். போஸ்டர் கதையை வாலு முதலிலிருந்து சொன்னாள். பல் பிடுங்கிய பெண்மணி வந்தபோது முதலாளியம்மா சிரித்தார். மேலாளர் ஐம்பத்தெட்டைக் குறித்துக்கொண்டு, போஸ்டர் யோசனை தன்னுடையது என்பதை இரண்டு இடத்தில் நினைவூட்டினார். காலையில் பெட்டி கட்டச் சொன்ன அதே வாய்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாற்பத்தொன்று யார் என்று யாரும் கேட்கவில்லை. கதை அவ்வளவு நன்றாக முடிந்திருந்தது. ஆனால் காலையில் போனில் கேட்ட அந்தக் குரல் அவள் காதை விட்டுப் போகவில்லை. உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இன்னொரு மூன்று வருஷம் இதைத் தூக்கிக்கொண்டு திரிய அவளால் முடியாது.

“நாற்பத்தொண்ணு என் மாமனார், மேடம்” என்றாள். “நான் சொல்லாம இருந்துட்டேன்.”

மேலாளரின் பேனா நின்றது. முதலாளியம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அந்தப் படிவத்தைத் திறக்கச் சொன்னார். மூன்று வருஷமாகத் தொடாத கோப்பை அவள் எல்லார் முன்னாலும் திறந்தாள். சுவரில் இருந்த பெரிய திரையில், யார் கண்ணுக்கும் தப்ப முடியாத எழுத்தில் அது விரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

படித்தது மேலாளர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாய்விட்டுப் படித்தார்.

“எங்கள் நிறுவனத்தில் உங்கள் உறவினர் உண்டா? உண்டு. மருமகள். மிகவும் கெட்டிக்காரி. அவளிடம் எந்தச் சலுகையும் கேட்க மாட்டேன். அவள் கூச்சப்படுவாள் என்பதால் வீட்டில் இதைப் பற்றிப் பேச மாட்டேன்.”

வாலு கண்ணைத் திறந்தாள். எழுத்துகள் அங்கேயே இருந்தன. மூன்று வருஷம் ஒவ்வொரு நாளும் அந்தப் படிவத்தை நினைத்துப் பயந்திருக்கிறாள். அது மூன்று வருஷமும் அவளைக் காப்பாற்றிக்கொண்டு அங்கேயே கிடந்திருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியைத் தேடினாள்.

“திறந்து பார்க்காம அனுமதிச்சது தப்பு” என்றார் முதலாளியம்மா. “இனிமே படிவம் எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் அனுமதிக்கணும். இப்ப உட்காருங்க, விழுந்துடப் போறீங்க.”

மற்றதெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. இருநூறு போஸ்டரைக் கிழித்து மறுபடி அச்சடிக்க முடியாது. அதனால் 41 இனிமேல் போஸ்டரின் வால். மாமனாருக்கு வேறு எண். அவர் பக்கத்திலிருந்து வந்த மூன்று அவருக்கு, மிச்சம் போஸ்டருக்கு. போஸ்டர் தம்பிக்கு ஒரு திட்டு, ஒரு சம்பள உயர்வு. அந்த வரி அவனுடையது இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டதும், முதலாளியம்மா ஒரு தாளை எழுதி வாலுவிடம் நீட்டினார். ‘இந்தக் குஷனை நானே உபயோகித்துப் பார்த்து எழுதிய வரி இது, இதைப் போஸ்டரில் போட எனக்குச் சம்மதம்.’ கீழே மாமனாரின் கையெழுத்து வேண்டும்.

வேலை முடிந்து பஸ்சில் வரும்போது வாலுவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நீல போஸ்டர். ஒன்றின் முன்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, போனை நீட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பது என்று அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டாள்.

வீட்டில் மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார். என்னம்மா ஆச்சு என்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கூடத்தில் அத்தை தன் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், டிரைவர் முதுகாயிற்றே என்று மருமகள் ஆபீசிலிருந்து மாமாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த நீலக் குஷன் அத்தையின் கீழே இருந்தது. மாற்றி மாற்றி உட்காருவார்கள் போலிருக்கிறது என்று வாலு நினைத்துக்கொண்டிருந்தாள். மாமா எப்போதும்போல மரப்பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அறுபத்தொன்றில் மூன்றுதான் அவருடையது என்று சொல்லும்போது கொஞ்சம் தயங்கினாள். அவருக்கு வருத்தம் இல்லை. மூச்சு நீளமாக வெளியே வந்தது. மூணு சரியா இருக்கும்மா, மூணு பேருக்கு நான் பதில் சொல்லிக்குவேன் என்றார். 41 போய்விட்டது என்றதற்கு மட்டும் முகம் ஒரு கணம் மாறியது. புது எண் என்ன என்று கேட்டார். முந்நூற்றொன்று. அந்த நம்பர்ல பஸ்ஸே கிடையாதே என்று முணுமுணுத்தார்.

படிவத்தைப் பற்றி அவள் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அழுதிருப்பாள். அதற்குப் பதிலாக, முதலாளியம்மாவின் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். உட்காரும்போது தெரியாது, எழுந்திருக்கும்போது தெரியும். நானே உபயோகித்துப் பார்த்து. அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

அத்தை மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு எழுந்து, உள்ளே போனாள். ஒரே வீச்சில், சத்தமில்லாமல். கல்யாணமாகி வந்த புதிதில், அத்தை எழும்போதெல்லாம் ‘ம்ஹ்’ என்று பல்லைக் கடித்த ஒரு முனகல் கேட்கும். கேட்டால் வலியா, எனக்கென்ன வலி என்பாள். அது எப்போது நின்றது என்று வாலு இப்போதுதான் யோசித்தாள்.

மாமனார் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனாவை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இதுல உங்க அத்தைதான் கையெழுத்துப் போடணும்மா. நான் அதுல ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்ல, அவ எழுந்திருக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் எழுதினேன்.”